செபஸ்தியம்மாளின் மத்தியானக் கனவு

மரியே வாழ்க

ஆவாரங்குடி,
கல்லல் வழி.
26-2-1996

அன்பு மகள் ஆரோக்கிய ஷீலாவுக்கு அம்மா செபஸ்தியம்மாள் எழுதுவது. நான் நலம். ஆடுகளும் நலம். காமாலை வந்து தேறிய உடம்பு, எண்ணெய்ப் பண்டம் தொடாதே. கடிகாரக் கம்பெனி வேலை கண்ணை உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். இனி அந்தக் கவலை வேண்டாம். காரணம் கீழே இருக்கிறது.

சாம்பல் புதனுக்கு மறுநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தேன். ஒரு கனவு வந்தது. கல்லல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறேன். ரயில் போனதும் தண்டவாளம் இரண்டும் தண்ணீராகி ஓடுகிறது. அதன் மேலேயே நடந்தால், கால் நனையவில்லை, எதிரே ஓர் அரண்மனை. கண்டரமாணிக்கத்தில் செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு வெங்காயம் உரிக்கப் போனேனே, அந்த வீட்டைப் போல நாலு மடங்கு. நிலைப்படியில் ஒரு கிளி இருந்து, "ஏழு கதவு இருக்கு செபஸ்தி. எதுலயும் உக்காந்துறாத, போய்க்கிட்டே இரு" என்றது. நம் ஊர்ப் பேச்சுதான் பேசியது.

முதல் கதவைத் திறந்தால் ஒரு கிணறு. மீன்கள் தலையை நீட்டி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதில் வெள்ளைக் குதிரைகள், காயப்போட்ட மிளகாய் வற்றலைத் தின்கின்றன, ஒன்றின் கண்ணிலும் தண்ணீர் இல்லை. மூன்றாவதில் வீட்டுக்குள்ளேயே மழை, தரை மட்டும் நனையவில்லை. நாலாவதில் ஒரு வேப்பமரம், பழத்துக்குப் பதில் கொத்துக் கொத்தாக மணி. ஐந்தாவதில் ஒரு படிக்கட்டு, இறங்க இறங்கக் காலடியில் நட்சத்திரம். அப்புறம் ஒரு பெரிய கூடம். அங்கே ஊஞ்சலில் ஒரு ராசா இருக்கிறார். தலையில் கிரீடம், உடம்பில் நம் அந்தோணியாரின் பழுப்பு அங்கி. சுற்றிலும் வெள்ளைப் புறா. எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம், "ஒண்ணு கொறையுது. ஒன் முந்தானையில இருக்கு" என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். புறா இருந்தது. கீழே விட்டேன். அது நீயாகி எழுந்தது. வெள்ளைச் சேலை, கழுத்தில் சிலுவை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ராசா பக்கத்தில் போய் நின்றாய். விழித்துக்கொண்டேன். நாக்கெல்லாம் உப்புக் கரித்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? நம் கோயில் பங்குச்சாமியிடம் சொன்னேன். "பொறுங்கம்மா, பிள்ளைகிட்ட மொதல்ல கேளுங்க" என்றார். கேட்க என்ன இருக்கிறது என்று நானே காரைக்குடிக்குப் பஸ் ஏறி, மடத்துக் கன்னியரைப் பார்த்து உன்னைச் சேர்க்கப் பேசிவிட்டேன். ஓசூரிலும் அவர்கள் மடம் உண்டாம். உன்னைப் பார்க்க வருவார்கள். அடக்கமாகப் பேசு. ஜூன் மாதம் சேர்க்கை.

அன்புடன்
அம்மா

ஓசூர்,
9-3-1996

அம்மா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

நேற்று ஷிப்ட் முடிந்து வந்தால் விடுதிக் கூடத்தில் இரண்டு சிஸ்டர்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு மாதா படமும். பன்னிரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, என் உடம்புக்கு என்னென்ன வந்திருக்கிறது, வீட்டில் கடன் உண்டா, மனசு உறுதியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். நல்ல மனுஷிகள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. "சிஸ்டர், எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. பாவம், பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்து என் அறையில் இருக்கும் யோகலட்சுமி கையைக் கூப்பி, "சிஸ்டர், கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" என்கிறாள். சேதி கம்பெனி வரைக்கும் போய்விட்டது. சூப்பர்வைசர் கூப்பிட்டு, ராஜினாமா செய்வதென்றால் ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார். ஜூனில் என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் அம்மா. இரண்டு வருஷமாகக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் முள் பிடித்து வைத்துச் சம்பாதித்த இடம் அது. உன் ஒரு தூக்கத்தில் அதை வாரிக் கொட்டப் பார்த்தாய்.

மடத்துக்குப் போகிறவர்களை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. அவர்கள் தாங்களாகப் போகிறார்கள். உன் கனவில் நான் ஒரு வார்த்தை பேசினேனா? எனக்குச் சம்மதமா என்று அந்த ராசா கேட்டாரா? உன் முந்தானையில் முடிந்து வைக்க நான் என்ன சில்லறையா?

ஆறாம் வகுப்பில் பெயிலாவதாகக் கனவு கண்டு நான் அழுதபோது, மத்தியானக் கனவு பலிக்காது என்று சொன்னவள் நீ. எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? மடத்துக்குப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நீயே சொல்லிவிட்டு வா.

ஷீலா

ஆவாரங்குடி,
17-3-1996

மகள் ஷீலாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிதான் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். "என்ன எழுதிருக்கா மக?" என்று கேட்டாள். சுகமாக இருக்கிறாள் என்று சொன்னேன். பெற்ற பிள்ளை என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டது, அதுவும் தவசு காலத்தில்.

எனக்கு என்ன, உன்னை மடத்தில் தள்ளிவிட்டு இங்கே விருந்து சாப்பிடுகிற ஆசையா? ஒரே பிள்ளை. உன் அப்பா போய் ஐந்து வருஷம். உன்னையும் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் ஆட்டைத் தவிர யார் முகத்தில் நான் விழிப்பேன்? அதை ஒரு வரி யோசித்தாயா? நவம்பரில் நீ கண் மஞ்சளாகிப் பாயில் கிடந்தபோது நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அந்தோணியார் அப்போதே எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இப்போது கனவில் வந்தும் சொல்லிவிட்டார். கேட்கிறவர் சாதாரண ஆள் இல்லை. அவருக்கு உரியதை அவர் கேட்கிறார். மறுத்துச் சொல்ல நீ யார், நான் யார்?

மடத்துக்குப் போய் வார்த்தையைத் திரும்ப வாங்க மாட்டேன். எனக்கு ஒரு நாக்குத்தான்.

அம்மா

ஓசூர்,
25-3-1996

அம்மா,

என் உடம்பைப் பற்றி இத்தனை பயம் உனக்கு இருப்பது தெரியும். டாக்டர் போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நீ நம்பப் போவது டாக்டரையா, கிளியையா?

ஒரு விஷயம் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுது. கடிகாரம் பூட்டுகிறவளுக்கு எண்ணிக்கை தப்பாது. ஒரு சக்கரம் விட்டுப்போனால் ஓடாது. உன் முதல் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். கிளி ஏழு கதவு என்றது. நீ ஐந்து கதவு எழுதிவிட்டு, "அப்புறம் ஒரு பெரிய கூடம்" என்று தாவிவிட்டாய். கூடத்தை ஆறாவது என்று வைத்தாலும் ஒன்று குறைகிறது. மீன் ஜெபம் சொன்னதும் குதிரை மிளகாய் தின்றதும் ஞாபகம் இருக்கிறவளுக்கு ஒரு கதவு மறந்துபோகுமா?

இன்னொன்று. "அவருக்கு உரியது" என்று எழுதியிருக்கிறாய். கேட்பது வேறு, உரியது வேறு. நான் எப்போது அவருக்கு உரியவள் ஆனேன்? எதையோ என்னிடம் மறைக்கிறாய். அதை எழுதாதவரை ஈஸ்டர் பாஸ்காவுக்கு நான் ஊருக்கு வருவதாக இல்லை.

ஷீலா

ஆவாரங்குடி,
10-4-1996

மகள் ஷீலாவுக்கு,

சொன்னபடியே வராமல் இருந்துவிட்டாய். பாஸ்காத் திருவிழிப்புக்கு ஒற்றை ஆளாக மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். பார்த்தவர்களெல்லாம் "மக வரலியா?" என்று கேட்டார்கள். உனக்குத் திருப்திதானே.

கேட்டுக்கொள். ராசாவின் கூடத்துக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. அதுதான் ஏழாவது. அது மட்டும் திறக்கவில்லை. அந்தப் பக்கம் உன் அப்பா சாய்ந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தட்டினேன். "நான் கேக்க மாட்டேன்" என்றார். அவர் குரலேதான். எத்தனை தட்டியும் அதே பேச்சு.

நீ பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது வாந்தியும் பேதியும் கண்டு, கண் மேலே செருகிவிட்டது. அந்தோணியார் காலடியில் உன்னைக் கிடத்தி, "இனி இது ஒம்ம பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். பிழைத்துக்கொண்டாய். அப்படி நேர்ந்துகொண்ட பிள்ளைகளை ஜூன் பதின்மூன்று திருவிழாவில் பீடத்துப் படியில் வைத்து ஏலம் விடுவார்களே, பெற்றவர்களே கேட்டு எடுத்து, பணத்தைக் கோயிலுக்குக் கட்டிவிட்டுத் தூக்கி வருவார்களே, வருஷா வருஷம் நீயும் பார்த்திருக்கிறாய். உன்னையும் வைத்தோம். ஏலம் ஆரம்பித்தது. உன் அப்பா கேட்கவில்லை. ஒரு தொகைகூடச் சொல்லாமல் சண்டை போட்டுவிட்டு, படியில் கிடந்த உன்னை வாரி எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய முன்கோபம் ஊர் அறிந்தது. அதற்குப் பயந்து அதன்பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆக, உன்னை யாரும் மீட்கவில்லை. இந்த இருபத்திரண்டு வருஷமும் நீ அவருடைய பிள்ளைதான். உனக்கு ஒவ்வொரு தடவை காய்ச்சல் வரும்போதும் நான் செத்துப் பிழைத்தது இதனால்தான்.

அம்மா

ஓசூர்,
18-4-1996

அம்மா,

உன் கடிதத்தைப் படித்த அன்று வேலையில் மூன்று கடிகாரத்தைக் கெடுத்தேன்.

அப்பாவை நான் எப்படி வைத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். ரயில்வே கேங்மேன் வேலை, நாளெல்லாம் தண்டவாளத்தில் வெயில். அப்படியும் காலையில் என்னைச் சைக்கிளில் கல்லல் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அந்த மனுஷருக்கு என்னை மீட்க வாயைத் திறந்து ஒரு தொகை சொல்லக் கசந்திருக்கிறது. பெண்தானே என்று விட்டிருப்பார். நான் ஆணாகப் பிறந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்காமல் இருப்பாரா?

அவர் செத்தபோது நான் அழுத அழுகை அத்தனையும் எனக்குத் திருப்பி வேண்டும்.

சரி. மீட்கப்படாத பிள்ளை என்றுதானே பயம்? வருகிற ஜூன் பதின்மூன்று நான் வருகிறேன். அதே படியில் நிற்கிறேன். என்னை ஏலம் விடட்டும். நானே கேட்டு நானே எடுத்துக்கொள்கிறேன். என் சம்பளம், என் வாய். அதற்குப்பின் எந்தக் கதவுக்குள் யார் நின்றாலும் என்னைப் பற்றிப் பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. பங்குச்சாமியிடம் சொல்லி வை.

ஷீலா

ஆவாரங்குடி,
2-5-1996

ஷீலாவுக்கு,

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? கைக்குழந்தைகள் கிடக்கிற படியில் கல்யாண வயதுப் பெண் போய் நிற்பதா? சாமியிடம் சொன்னால் அவர் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "வரட்டும்மா, ஒங்களுக்கும் பயம் தெளியட்டும்" என்கிறார். படித்த சாமிமார்களே இப்படி.

உன் அப்பாவைப் பற்றி நீ எழுதிய பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அவரை ஏச எனக்குத்தான் பாத்தியதை. உனக்குக் கிடையாது.

நீ வந்தால் வா. நான் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

செபஸ்தியம்மாள்

ஓசூர்,
17-6-1996

அம்மா,

வரமாட்டேன் என்று எழுதியவள் ஏன் வந்தாய்?

காரைக்குடியில் இறங்கி டவுன் பஸ்ஸில் கல்லல் வந்து, பையோடு நேரே கோயிலுக்கு வந்தேன். எனக்கு முன்னால் சில குழந்தைகளின் ஏலம் முடிந்துபோயிருந்தது. படியில் ஏறி நின்றேன். ஊரே என்னைப் பார்க்கிறது. காது சுட்டது. ஏலம் விடுகிற வயசான கோயில்பிள்ளை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "யாரு கேக்குறது?" என்றார். "நான்தான்" என்றேன். "பிள்ளையே தன்னக் கேக்குறதா? எங்குட்டும் இல்லாத வழக்கமாவுல இருக்கு" என்றார். சாமிதான், "கேக்கட்டும், விடுங்க" என்று முடித்துவைத்தார்.

"அம்பத்தொண்ணு" என்று ஆரம்பித்தார். அம்பத்தொன்று என்று நானும் சொன்னேன். அப்படியே முடிந்திருக்கும். ஒருதரம் என்று சொல்ல அவர் வாயெடுக்கிறார், பெண்கள் பக்கத்திலிருந்து "நூத்தம்பது" என்று ஒரு சத்தம். தூணுக்குப் பின்னால் நீ.

நான் இருநூறு என்றேன். நீ முந்நூறு என்றாய். நான் நானூறு என்றால் நீ ஐந்நூறு. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. "தாயும் மகளும் மாட்டுத்தாவணி மாதிரில்ல கேக்குறாக" என்று ஒருவர் சொன்னது உன் காதில் விழுந்ததா? நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோயில்பிள்ளையை முறைத்துக்கொண்டு கேட்டாய். அறுநூற்றைம்பது என்று நீ சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது. எழுநூறு என்று கத்தினேன். அதற்கு மேல் நீ பேசவில்லை. மூன்றுதரம் சொல்லி முடித்தார்கள். அந்தப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, உன் பக்கம் திரும்பாமல் வெளியே வந்து பஸ் ஏறினேன்.

பணம் போனதற்காக எழுதவில்லை. என்னை அந்தோணியாரிடமிருந்து மீட்க வந்தேன், உன்னிடமிருந்து மீட்க வேண்டியதாகிவிட்டது. உன் மகள் தன் காலில் நிற்பதைப் பார்க்க உனக்கு அவ்வளவு பொறுக்கவில்லையா? இனி எனக்கு நீ எழுத வேண்டாம். நானும் எழுதப் போவதில்லை.

ஷீலா

ஆவாரங்குடி,
24-6-1996

என் மகள் ஷீலாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் படித்துவிட்டுக் கிழி.

அன்று வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று முன்னாடியே போய்த் தூண் மறைவில் நின்றேன். உனக்கு முன்னால் மூன்று ஆண் பிள்ளைகள். மூன்றையும் நூற்றொன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். அதில் ஒன்று அறுநூறு வரை போனது. அப்புறம் நீ வந்து நின்றாய். அந்தக் கோயில்பிள்ளை கொஞ்சமும் கூசாமல் "அம்பத்தொண்ணு" என்றான்.

அவனேதான் அன்றைக்கும் ஏலம் விட்டான். அப்போது ஆண் பிள்ளைக்குப் பத்து ரூபாய். உன்னைப் படியில் வைத்ததும், "பொட்டப்பிள்ள, அஞ்சுல ஆரம்பிங்க" என்றான். உன் அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எம் பிள்ளைக்கு என்ன கொறச்சல்? பத்துல ஆரம்பிங்க. அரை வெலைக்கு நான் கேக்க மாட்டேன்" என்றார். வழக்கம் அதுதான் என்றார்கள். வழக்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கனவில் கதவுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டது அந்தப் பேச்சில் பாதி. முழுதும் எனக்குத் தெரியும். உனக்குப் பாதியைத்தான் எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். ஐந்து ரூபாயைக் கட்டிவிட்டு வந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷப் பயம் இல்லையே என்று அவரைச் சாகும்வரை ஏசினேன். இதைச் சொன்னால் நான் ஏசியதெல்லாம் தப்பு என்று ஆகிவிடும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பெண்தானே என்று விட்டிருப்பார் என்று நீ எழுதிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அடுப்பில் போட்டேன். அது பாவம். போன சனிக்கிழமை அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

அம்பத்தொன்று என்று கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. உன்னை எடுக்க நான் கேட்கவில்லையடி. என் முந்தானையில் எண்பது ரூபாய்தான் இருந்தது. ஐந்நூற்றிலோ அறுநூற்றைம்பதிலோ நீ நிறுத்தியிருந்தால் சந்தி சிரிக்க நின்றிருப்பேன். நீ நிறுத்த மாட்டாய் என்று தெரியும், நீ சூசைமரியான் மகள். அறுநூற்றைத் தாண்டுகிற வரைக்கும் உன்னை ஏற்றினேன். தாண்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

காரைக்குடி மடத்துக்குப் போய், என் பிள்ளைக்கு இஷ்டமில்லை, நான்தான் அவசரப்பட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

நீ பஸ்ஸுக்குப் போய்விட்டாய், அதனால் உனக்குத் தெரியாது. உனக்கு அடுத்து நம் பொன்னுத்தாயியின் பேத்தியைப் படியில் வைத்தார்கள். மூன்று மாதம், தலையில் முடிகூட இல்லை. கோயில்பிள்ளை வாயைத் திறந்தார். தூண் பக்கம் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு நூற்றொன்றிலிருந்து ஆரம்பித்தார்.

அம்மா